அக்காவை அழைத்துவர ஒரு வண்டி

"டிக்கட் போட்டாச்சு தங்கச்சி. இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி. திருச்சியில வந்து எறங்குறன்" என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றிருந்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த வகுப்புக்குப் போய், முந்தின நாள் நடத்திய பாடத்தையே மறுபடியும் முழுதாக நடத்தி முடித்திருக்கிறேன். பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் அக்காவைப் பார்த்து முப்பத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள் நாங்கள். இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இலங்கைக் குடியுரிமை. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. அம்மா கொழுந்து பறிக்கப் போன நாட்களிலெல்லாம் எனக்குத் தலை வாரி, பாண் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். பெரியவர்களுக்கு ஒரு மகள் பிரிந்துபோனாள். எனக்கு அம்மாவே பிரிந்ததுபோல் இருந்தது. அதை யாரிடமும் சொல்லத் தெரியாத வயது.

கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சிப் பக்கம் வாட்டில் மரத்துக்குப் பட்டை உரிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தோம். பிறகு வந்தது முழுக்கக் கடிதங்களின் காலம். சில வருடங்கள் மாதம் ஒன்று, சில வருடங்கள் தீபாவளிக்கு ஒன்று. அந்த நாட்டில் சண்டை பெரிதானபோது ஒரு வருடம் முழுக்க ஒன்றுமே வரவில்லை. அப்பா போனார், அம்மா போனாள். அக்காவின் புருஷனும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு முறையும் கடிதம் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்து முப்பது நாளாகியிருக்கும். போர் ஓய்ந்து சில மாதங்கள் ஆன பிறகுதான் அக்கா பாஸ்போர்ட் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் வத்தலக்குண்டுக்காரர், தபால் ஆபீசில் வேலை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற எங்கள் காரைப் பார்த்தார்.

"டாக்சி பேசிருவமா?" என்றார்.

"நம்ம வண்டியிலதாங்க கூட்டிட்டு வரணும்."

"வண்டி கெடக்குற கெடைக்கு, திருச்சி வரைக்கும் எறங்கிரும். திரும்ப ஏறணும்ல?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கார் எங்களிடம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் பள்ளியில் வேலை பார்த்த ஒரு மிஸ், புதிதாக வந்த ஹைபிரிட் காரை ஆசையாக வாங்கி, நாலு மாதம் ஓட்டி, திடீரென்று மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நாயுடுபுரத்தில் அவர் வீட்டுப் பேரிக்காய் மரத்தடிக் கொட்டகையில் எட்டு மாதம் சும்மா நின்ற வண்டியை நாங்கள் வாங்கினோம். பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. மேட்டில் மோட்டார் கைகொடுக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாட்டரிக்குக் கரண்டு ஏறும். எங்காவது நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும், பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே உயிர் வரும். வாங்கிய புதிதில் நாங்கள் இருவரும் கடைத்தெருவில் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி அந்த வேடிக்கையைப் பார்த்திருக்கிறோம்.

ஆனால் முந்தின வாரம் வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது டம்டம் பாறைக்குப் பக்கத்தில் வண்டி இழுக்கத் திணறியது. வெப்பம் காட்டும் கட்டங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஓரங்கட்டிப் பார்த்தால் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் டப்பா காலி. கணவர் ஒரு பாட்டில் குடிதண்ணீரை ஊற்றினார். நத்தையாக ஊர்ந்து வீடு வந்தோம். மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், ஹைபிரிட் பார்க்கும் ஆள் ஒருவர்தான், அக்கா வந்து நாலு நாள் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் நாயுடுபுரம் மெக்கானிக்கிடம் போனேன். பள்ளி வேன்களையெல்லாம் பார்க்கிற மனிதர். பானட்டைத் திறந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோவிச்சுக்கிராதீங்க டீச்சர். இது கரண்டு வண்டி. அந்த ஆரஞ்சு வயர் தெரியுதுல்ல? அதத் தொட்டா ஆளு காலி. நம்ம சோலி ஜீப்பும் வேனும்தான்."

"அதத் தொட வேண்டாம்ணே. காத்து போற வழியும் தண்ணி போற வழியும் மட்டும் பாத்தாப் போதும்."

"அந்த ரெண்டும் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான். அத நீங்களே செய்யலாமே. புக்கு இருக்கா?"

புத்தகம் இருந்தது. பள்ளி கம்ப்யூட்டர் அறையில் மேலும் நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன்.

"பெறகென்ன. ஆரஞ்சு பக்கம் கை போகக் கூடாது. சின்ன பாட்டரி வயரை மொதல்ல கழட்டிருங்க. கூலண்ட் ஊத்துனா உள்ள காத்து நிக்கும், அதான் எமன். வண்டி மூக்கை மேட்டைப் பாத்து நிறுத்தி, ஹீட்டரை முழுசா வச்சு, மூடியைத் தொறந்துபோட்டு ஓட விடுங்க. காத்து முட்டை முட்டையா வரும். அது நிக்கிற வரைக்கும் மூடாதீங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். மூக்கை மேட்டைப் பார்த்து என்பதையும் எழுதினேன். எழுதியதை மறந்ததுதான் பிறகு வந்த வினை.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து ஆரம்பித்தோம். நான் பிரிண்ட் தாள்களைத் துணி உலர்த்தும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கணவர் பழைய தபால் பை ஒன்றை விரித்து ஸ்பேனர்களை வரிசையாக வைத்தார். சின்ன பாட்டரியின் வயரைக் கழற்றினோம். காற்று வடிகட்டி இருக்கும் கறுப்புப் பெட்டியின் கொக்கிகளை நான் விலக்கி மூடியைத் தூக்கியபோது உள்ளே வடிகட்டியையே காணவில்லை. அதன் மேல் ஒரு கூடு இருந்தது.

எலிக்கூடு. சைப்ரஸ் இலை, பேரிக்காய்ச் சருகு, பஞ்சு, யாருடைய ஸ்வெட்டரிலிருந்தோ உருவிய பச்சைக் கம்பளி நூல், சிவப்பு மையில் திருத்திய பரீட்சைத் தாளின் துண்டுகள். அந்த மிஸ்ஸின் கையெழுத்தில் 'கவனம் தேவை' என்று ஒரு துண்டு. எலி எப்போதோ காலி செய்துவிட்டுப் போயிருந்தது. வடிகட்டியில் பாதியைத் தின்று, மீதியை அடைத்துவைத்திருந்தது.

"இதுக்கு மேல இது எப்பிடி மூச்சு விடும்?" என்றார் கணவர். அவருக்கு வண்டியின் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது.

தேடிக்கொண்டே போனதில் இரண்டாவது வினையும் அகப்பட்டது. ரேடியேட்டரிலிருந்து கூலண்ட் டப்பாவுக்குப் போகிற மெல்லிய ரப்பர் குழாயை அதே எலி கடித்திருந்தது. சூடானால் கூலண்ட் அந்த ஓட்டை வழியாக வெளியே போகும், ஆறினால் அதே வழியில் காற்று உள்ளே வரும். கண்டுபிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆறு நாள் கையில் இருந்தது.

குழாய் நாயுடுபுரத்திலேயே கிடைத்தது. வடிகட்டி மதுரையிலிருந்து பஸ் கண்டக்டர் கையில் செவ்வாய்க்கிழமை வந்தது. இடையில் காற்று போகும் பெரிய குழாயைக் கழற்றி, அதன் வாயிலிருக்கும் தகட்டைத் துடைத்தேன். ஸ்பிரே அடித்துத் துடைக்கத் துடைக்கக் கரி வந்துகொண்டே இருந்தது. மூன்று பழைய பனியன்கள் கறுத்துப்போயின. கூலண்டை வடித்தபோது கணவர் ஊற்றிய குடிதண்ணீரும் சேர்ந்து வெளுத்த பச்சையாக வாளியில் இறங்கியது. தெருநாய் குடித்துவிடக் கூடாதென்று அதைக் கேனில் மூடிப் பூட்டிவைத்தார். புதுக் கூலண்டை ஊற்றி, பாட்டரி வயரை மறுபடி மாட்டி, மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டோம். எஞ்சின் முதலில் ஒரு நிலையில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக உறுமியது.

"கெட்டுப்போச்சா?" என்று கணவர் கத்தினார்.

"இல்லீங்க. தகட்டைச் சுத்தம் பண்ணுனா அப்படித்தான் இருக்குமாம். அதுவா பழகணும். பத்து நிமிஷம் விடணும்னு போட்டிருக்கு."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஒரே சீராக வந்தது. காற்று முட்டைகள் நாலைந்து வந்தன, நின்றன. மூடியைத் திருகிவிட்டேன். எங்கள் கொட்டகையில் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

புதன்கிழமை உள்ளூர் விடுமுறை. சோதித்துப் பார்க்கப் போனோம். எங்கே போவது என்று கணவர் கேட்டபோது வடகவுஞ்சி என்று சொன்னேன். போகும்போது இறக்கம், வரும்போது நல்ல ஏற்றம், பஸ் நெரிசல் கிடையாது. இவையெல்லாம் காரணம்தான். அம்மா அங்கே இருக்கிறாள் என்பதும் ஒரு காரணம். பட்டை உரித்து உரித்துக் கை காய்த்துப்போன அம்மாவை அந்த ஊருக்கு மேல் சரிவில்தான் புதைத்திருந்தோம்.

பெருமாள்மலை தாண்டி பழனி ரோட்டில் இறங்கும்வரை குறையே இல்லை. வண்டி புதிதாகிவிட்டதுபோல் போனது. நான் ரேடியோவைப் போடவில்லை, ஜன்னலையும் ஏற்றவில்லை. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். வடகவுஞ்சிக்குப் போய், வண்டியை ரோட்டோரம் விட்டு, சரிவில் ஏறி அம்மாவின் இடத்தில் முளைத்திருந்த உண்ணிச் செடிகளைப் பிடுங்கினேன். அக்கா வருகிறாள் என்று வாய்விட்டே சொன்னேன். கணவர் சற்றுத் தள்ளி நின்று பூண்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஹீட்டர் காற்று திடீரென்று சில்லென்று வந்தது. அதற்காகவே ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தேன். எஞ்சின் கொதிக்கிறபோது ஹீட்டர் குளிர்ந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம் என நாற்பது பக்கத்தில் ஏதோ ஒன்றில் இருந்தது. கட்டங்கள் ஏறத் தொடங்கின. வண்டியை ஓரமாக ஏற்றி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தேன். இரண்டே நாள்தான் இருந்தது.

"அழாத. தொறக்கவும் செய்யாத. ஆறட்டும்" என்றார் கணவர்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். பானட்டிலிருந்து சூடு அலையலையாகப் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

நாங்கள் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட நாளில், ஐந்து குடும்பங்களை மூட்டை முடிச்சோடு தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டும். லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் முன்னால் நின்று இரும்புக் கம்பியைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார். அக்கா கீழே நின்றபடி பலகை இடுக்கு வழியாகக் கையை விட்டு என் கையைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. இது ஸ்டார்ட் ஆகவே கூடாது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் வேண்டினேன். அரை மணி நேரம் என் பிரார்த்தனை பலித்தது. பிறகு ஒரு சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. லாரி குலுங்கி நகர்ந்தது. கை நழுவிப்போனது.

"அதனாலதாங்க. எனக்குன்னு ஒரு வண்டி, நானே ஓட்டிட்டுப் போயி..."

அவர் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி நடந்தார். முன்னால் வந்து நின்று, சக்கரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, மெக்கானிக்கு மூக்கை மேட்டுப் பக்கம் வைக்கச் சொன்னாருன்னு எழுதுனேல்ல?"

"ஆமா."

"வீட்டுல எந்தப் பக்கம் வச்சோம்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது வண்டி நல்ல ஏற்றத்தில், மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. மூடி தொடும் சூட்டுக்கு வந்த பிறகு, தபால் பையை நாலாய் மடித்துப் பிடித்து மெதுவாகத் திறந்தார். மீதிக் கூலண்டை டிக்கியில் போட்டுக் கொண்டுவந்திருந்தோம். ஊற்றி, ஹீட்டரை முழுதாக வைத்து, எஞ்சினை ஓடவிட்டோம். குமிழ்கள் வரத் தொடங்கின. வந்துகொண்டே இருந்தன. ஒரு பெரிய முட்டை களுக்கென்று வெடித்து, கூலண்ட் மட்டம் சடாரென்று நான்கு விரல் கீழே போயிற்று. ஊற்றினோம். மறுபடி ஊற்றினோம். காருக்குள்ளே கைநீட்டிப் பார்த்த கணவர் சிரித்தார்.

"ஹீட்டரு சுடுதும்மா!"

மேலே ஏறினோம். கட்டங்கள் பாதிக்கு வந்து நின்றுவிட்டன. பெருமாள்மலைவரை அவை அசையவில்லை. ஏற்றத்தில் மோட்டார் துணை கொடுப்பதைக் காட்டும் பச்சைக் கோடுகள் நிரம்பி எரிந்தன. பெருமாள்மலை டீக்கடைக்கு எதிரே நிறுத்தினேன், எஞ்சின் அணைந்தது. காலை எடுத்தேன், ஓடியது. அணைத்தேன், ஓட்டினேன், அணைத்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை அணைத்து ஓட்டிக் காட்டினேன்.

அன்று வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தோம். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை திருச்சி விமான நிலையத்தின் வெளிவாசலில், வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் பதினெட்டு வயதைத் தேடினேன். அது எத்தனை மடத்தனம் என்று புரிவதற்குள், தலை நரைத்து, என் அம்மாவின் நடையில், அம்மாவின் உயரத்தில் ஒருத்தி பையை இழுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் கணவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். எங்கள் கல்யாணப் போட்டோவில் அம்மாவைப் பார்த்த ஞாபகம் அவருக்கு.

அக்கா என் முன்னால் வந்து நின்று, என் தலைமுடியைத்தான் முதலில் தொட்டாள்.

"யாரு இப்ப வாரி விடுறது?" என்றாள்.

காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பேசுவதற்கு முப்பத்திரண்டு வருடம் இருந்தது, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. வெயிலைப் பற்றிச் சொன்னாள். ரோடு அகலமாயிருக்கிறது என்றாள். மணப்பாறைக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நிறுத்தினேன். எஞ்சின் அணைந்தது.

அக்கா என் கையைச் சட்டென்று பிடித்தாள். "வாகனம் நின்னுப் போச்சு தங்கச்சி!"

"இல்லக்கா, இது அப்படித்தான். நின்னா தானா அணையும். தானா ஓடும்."

அவள் பிடியை விடவில்லை. ரயில் வருகிற வழியாக இல்லை. பின்னால் லாரிகள் வந்து நின்றன. அவள் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சி. தோட்டத்து லாரி. ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"இருக்குக்கா."

"நான் என்ன வேண்டுனன் தெரியுமா? கடவுளே, இது வெரசா ஸ்டார்ட் ஆகிறணும், வெரசா போயிறணும்னு."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் அஞ்சு நிமிசம் நின்டிருந்தா நானும் ஏறியிருப்பன். தாலி கட்டி நாலு மாசம். அத்தானைப் போட்டுட்டு ஏறியிருப்பன். ஒன் கையி அப்படிச் சுட்டுச்சி, காய்ச்சல் மாதிரி. நீ அழுதிருந்தாலும் பரவாயில்ல. நீ கண்ண மூடிட்டு இருந்த. அதப் பாக்க ஏலாம, போயிறணும் போயிறணும்னு வேண்டுனன். போன பொறவு, நான் வேண்டித்தான் போயிருச்சின்னு எத்தனை வருசம் நெனச்சிருக்கன்."

ரயில் வந்தது, போயிற்று. கேட் திறந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் என்ன வேண்டினேன் என்பதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவளுடைய பாரத்தை இறக்கிவைக்கிற நேரத்தில் என்னுடையதைத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. பின் சீட்டிலிருந்து கணவர், "போம்மா, தெறந்தாச்சு" என்றார் மெதுவாக. காலை எடுத்தேன். வண்டி ஓடியது.

மலையேறும்போது அக்கா தூங்கிவிட்டாள். நான் ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் வெப்பக் கட்டங்களிலுமாக ஏறினேன். டம்டம் பாறையில் கட்டங்கள் பாதியில் நின்றன. கணவர் பின்னாலிருந்து எட்டி அதைப் பார்த்து, என் தோளை ஒருமுறை தட்டினார். பனி இறங்கிய இடத்தில் அக்கா விழித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். மூச்சை இழுத்தாள்.

"நம்ம ஊரு வாசம் மாதிரியேதான். ஆனா தேயிலை எங்க? ஒரு செடியும் காணோமே."

"இங்க தேயிலை கெடையாதுக்கா."

"பெறகு அம்மா என்னத்தப் பறிச்சா?"

பட்டை உரித்ததைச் சொன்னேன். கடிதங்களில் அம்மா அதை எழுதியதே இல்லை. தோட்ட வேலை என்று மட்டும் எழுதச் சொல்லுவாள், எழுதுகிறவள் நான். அக்கா ஊர் வரும்வரை கண்ணாடியை ஏற்றவில்லை.

ஒரு மாதம் இருந்தாள். ஞாயிறுதோறும் அவளை வடகவுஞ்சிக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் அம்மாவிடம் உட்கார்ந்து நெடுநேரம் கதைத்தாள், பேரப் பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, நான் பள்ளிக்குக் கிளம்புமுன் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். நாற்பத்தொரு வயதில், இரட்டைப் பின்னலுக்குத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி தினமும் தலையைக் கொடுத்தேன்.

போவதற்கு நாலு நாள் முன்பு கேட்டுவிட்டேன். "நீ இங்கயே இருந்திடேன்க்கா. ஒனக்கு அங்க என்ன இருக்கு? விசாவை நீட்டிக்கலாம், நான் விசாரிக்கிறேன்."

அக்கா முறத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அத்தானை அங்கதான் பொதச்சிருக்கு. சின்ன மகன் பொண்டாட்டி மாசமா இருக்கா. நாலு மணிக்கு மேல அந்தப் பக்கம் மலையில வெயிலு விழும், நம்ம பழைய லயத்துக்குப் பின்னால. அதப் பாக்காம எனக்கு இங்க பொழுதே போறதில்ல தங்கச்சி. கோவிச்சுக்காத."

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இருந்த நாலு நாளில் இரண்டை அப்படி வீணடித்தேன். இன்றைக்கும் அந்த இரண்டு நாள் எனக்குத் திரும்ப வேண்டும்.

திருச்சிக்குக் கொண்டுபோய் விட்டோம். உள்ளே போகும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தலை மறைகிறவரை பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் பாத்ரூம் அலமாரியில் அவளுடைய சீப்பு கிடந்தது. மறந்து வைத்ததா, விட்டுவிட்டுப் போனதா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மதுரைக்கு வேறு வேலையாகப் போனபோது, கணவருக்கும் சொல்லாமல் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். விண்ணப்பத்தைச் சரிபார்த்த பெண் என்னைவிடச் சின்னவள். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"ஹட்டனா? அது எங்க இருக்குங்க மேடம்?"

"ஸ்ரீலங்காவுல. மலை நாடு."

"அங்கயா போகப் போறீங்க? அங்க ஒங்களுக்கு யாரு இருக்காங்க?"

"அக்கா" என்றேன். சொன்ன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் சீல் குத்தி, தாளை நகர்த்தி, அடுத்தவரைக் கூப்பிடும்வரை.